உலகப் பக்கத்தில் எங்கள் பஸ்

ரஞ்சிதா எழுதிய செய்தியை முதலில் என்னிடம் காட்டியது என் மனைவிதான். பாதி எரிச்சல் அதிலேயே வந்துவிட்டது. பதினெட்டு வருடமாக ஒரு தினசரிக்குக் கொல்லிமலை நிருபராக இருக்கிறேன். நான் எழுதிய எதையும் சுகுணா இப்படி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படித்ததில்லை. வடை கட்டி வந்த பேப்பரில் கொல்லிமலை என்று ஏதாவது தெரிந்தால், "இது நீங்க எழுதுனதுங்களா?" என்று கேட்பாள். நான் பதில் சொல்வதற்குள் பேப்பரைக் கசக்கிப் போட்டுவிடுவாள்.

"ஏனுங்க, நம்ம பஸ் மேட்டரு உலகம் பூரா வந்திருக்குதுங்க. பெருமாயக்கா போட்டோ பாருங்க" என்று போனை நீட்டினாள். முந்தானையால் கண்ணை வேறு துடைத்துக்கொண்டாள்.

பஸ் விஷயம் பெரிய ரகசியமில்லை. செம்மேட்டிலிருந்து வரும் பஸ், பைல் நாடு என்கிற ஊர்த்தொகுதியின் கடைசி ஊரோடு திரும்பிவிடும். அதற்கப்பால் ஓர் ஓடை. ஓடையைத் தாண்டினால் எங்கள் எடப்புளி நாடு. எங்கள் ஜனம் மரவள்ளி மூட்டையையும் மிளகுப் பையையும் தலையில் வைத்துக்கொண்டு ஓடையில் இறங்கி ஏறித்தான் பஸ் பிடிக்க வேண்டும். பஸ்ஸை இந்தப் பக்கம் விட்டால், திரும்பும்போது சீட்டெல்லாம் நாங்களே பிடித்துவிடுவோம் என்று பைல் நாட்டுக்காரர்களுக்குப் பயம். இதை நான் எழுதாமலா இருந்தேன்? ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். ஏழாம் பக்கத்தில், ஆழ்துளைக் கிணறு விளம்பரத்துக்குக் கீழே, "பஸ் வசதி கோரி மனு" என்று நாலு வரி வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வழக்கம்போல 'நமது நிருபர்'.

ரஞ்சிதா, இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஆரோக்கியமேரியின் மகள். திண்டுக்கல் பக்கத்துக் குடும்பம். காலேஜ் முடித்த கையோடு, லண்டனிலிருந்து நடக்கும் ஒரு செய்தித் தளத்தின் தமிழ்ப் பிரிவுக்கு எழுத ஆரம்பித்திருந்தாள். "அண்ணா, ஓடைக்கு இந்தப் பக்கம் யாரைப் பார்க்கலாம்?" என்று என்னிடம்தான் வந்து கேட்டாள். எங்கள் ஊர்ப் பெருமாயியைப் போய்ப் பார் என்று சொன்ன மடையன் நானேதான்.

அவள் பெருமாயியோடு மூட்டை தூக்கி நடந்திருக்கிறாள். "பஸ்ஸு சத்தம் ஊட்டுக்குள்ள கேக்குது சாமி, பஸ்ஸுதான் வரமாட்டேங்குது" என்று பெருமாயி சொன்னதிலிருந்து செய்தி ஆரம்பமாகிறது. என்ன வரி அது! வருடா வருடம் பெருமாயியிடம்தான் எங்கள் வீட்டுக்கு மிளகு வாங்குகிறேன். என்னிடம் ஒருநாளும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். செய்திக்கு மேலே 'ரஞ்சிதா' என்று பெயர், பக்கத்தில் வட்டமாக அவள் போட்டோ. எனக்கு வயிறு எரிந்தது. பச்சையாகச் சொன்னால் பொறாமை. பதினெட்டு வருடத்தில் என் பெயர் ஒரே ஒரு தடவையாவது அச்சில் வந்திருந்தால் இந்த அளவுக்கு எரிந்திருக்காது.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. தலைப்பு: 'இரு நாடுகளுக்கு நடுவே நின்றுபோன பஸ்'. அது வந்திருந்த பகுதி: 'உலகம்'.

நாடு என்றால் எங்கள் மலையில் நாலைந்து சிற்றூர்கள் சேர்ந்தது, அவ்வளவுதான். அங்கே உட்கார்ந்திருந்த யாரோ தலைப்பை மட்டும் படித்துவிட்டு, இரண்டு தேசங்களுக்குள் ஏதோ தகராறு என்று உலகச் செய்தியில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கீழே மலேசியாவிலிருந்து ஒருவர், "எல்லையில் பாஸ்போர்ட் கேட்பார்களா?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர், இரு நாட்டுத் தலைவர்களும் உடனே பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்று எழுதியிருந்தார். எங்கள் நாட்டுக்குப் பெரியவர் சென்றாயன் அன்றைக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க ராசிபுரம் போயிருந்தார்.

வாய்விட்டுச் சிரித்தேன். மாட்டினாள் என்று நினைத்தேன்.

"அந்த வெப்சைட்டுக்கு எழுதப் போறேன். இது உலகச் செய்தியே இல்லைன்னு" என்றேன்.

சுகுணாவுக்குப் புரியவில்லை. "எதுக்குங்க?"

"உலகத் தளம்னா போர் இருக்கணும், தேர்தல் இருக்கணும். எடப்புளி நாட்டு பஸ்ஸுக்கு அங்க என்ன வேலை? இதுக்குத்தான் எங்க பேப்பர்ல ஏழாம் பக்கம் இருக்குது."

"ஏழாம் பக்கத்துலதான் போட்டீங்களே, யாராச்சும் எட்டிப் பாத்தாங்களா? இது வந்த ரெண்டாம் நாளே ஆபீசருங்க ஜீப்புல வந்து ஓடையை அளந்துட்டுப் போயிருக்கறாங்க. பஸ்ஸு வர்ற வரைக்குமாச்சும் அது அங்கயே கெடக்கட்டுமேங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது. அன்றைக்கே மெயில் எழுதினேன். நாடு என்ற சொல்லுக்கு இங்கே என்ன பொருள், எங்கள் நாட்டுக்கும் பைல் நாட்டுக்கும் எல்லை எது என்று விளக்கி, இத்தகைய உள்ளூர்ச் செய்திக்கு உலகத் தளத்தில் இடமில்லை, உடனே நீக்க வேண்டும் என்று முடித்தேன். நிருபர் என்று போட்டால் தொழில் பொறாமை என்று நினைத்துவிடுவார்கள். அதனால் 'தங்கள் வாசகன், பூபதி' என்று கையெழுத்து.

நீக்கவில்லை. 'உலகம்' பகுதியிலிருந்து எடுத்து முகப்பிலேயே வைத்தார்கள். 'நாடு என்றால் என்ன?' என்று ஒரு கட்டம் கட்டி, நான் எழுதிய விளக்கத்தை அப்படியே போட்டார்கள். கட்டத்துக்கு அடியில், 'பிழையைச் சுட்டிக்காட்டிய வாசகர் பூபதிக்கு நன்றி.' முதலில் படித்ததைவிட மூன்று மடங்கு பேர் இப்போது படித்தார்கள்.

சாயங்காலம் ரஞ்சிதா வீட்டுக்கே வந்துவிட்டாள். "ரொம்ப தேங்க்ஸ்ணா. இந்தப் பிழைக்கு என்னைத் தொலைச்சுக் கட்டிருவாங்கன்னு பயந்துட்டே இருந்தேன். உங்க விளக்கத்தைப் பார்த்து எடிட்டர் அசந்துட்டார்ணா."

"அதுக்கென்ன கண்ணு" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது அவளுக்குத் தெரியவில்லை. சுகுணா அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தாள், முந்திரி போட்ட பிஸ்கட்டோடு.

மறுநாள் சேலம் ஆபீஸிலிருந்து போன் வந்தது. புதிதாக வந்திருக்கும் உதவி ஆசிரியர். ஆபீஸில் எங்கள் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். ராசிபுரத்துக்காரர் 'ராசிபுரம்', நான் 'கொல்லிமலை'.

"கொல்லிமலைங்களா? உங்க ஏரியா பஸ் மேட்டரை நாம எப்படிங்க கோட்டை விட்டோம்?"

"அனுப்பியிருந்தேன் சார். நாலு வரி வந்துச்சு."

"அப்ப அது லோக்கலுங்க. இப்ப இன்டர்நேஷனல் ஆயிருச்சே. ஞாயித்துக்கிழமை அரைப்பக்கம் போடறோம். அந்த வெப்சைட்டுக்கே பாடம் எடுத்த வாசகர் ஒருத்தர் இருக்காரே, பூபதின்னு, அவரைப் பிடிங்க. பேட்டியா எடுத்துருங்க. பேரு, போட்டோ எல்லாம் பெருசாப் போட்டுரலாம்."

"சார், அந்த பூபதி நான்தாங்க சார்" என்றேன்.



"அடடா, நம்ம ஆளா நீங்க? நம்ம ஆள் பேரை நாம போடறதில்லையேங்க. பரவாயில்லை, வேற வாசகர் யாராச்சும் கிடைப்பாங்களான்னு பாருங்க, கொல்லிமலை."

போனை வைத்துவிட்டார். யாருங்க போன்ல என்று சுகுணா உள்ளேயிருந்து கேட்டாள். ஆபீஸுதான் என்றேன். அரைப்பக்கம், பெரிய எழுத்தில் பெயர், போட்டோ! ரஞ்சிதா எனக்கு மறந்தே போனாள். அந்த வாசகர் பூபதியை நினைத்துத்தான் அன்று முழுக்க வயிறு எரிந்தது.