கோலமில்லாத வாசலில் போணி

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. ஒரு மகளிர் பத்திரிகையில் கேட்டிருந்தார்கள்: 'சிறு தொழில் நடத்தும் சகோதரிகளுக்குப் பயனுள்ள யோசனைகள்.' நடுப்பக்கத்தில் ஒரு பெண் ஊறுகாய் ஜாடியை அணைத்துக்கொண்டு சிரிக்கிற மாதிரி படம் போடுவார்களாம். ஆசிரியர் நல்ல மனிதர். யோசனைகளையும் அவரே சொல்லி அனுப்பிவிட்டார், நான் விரித்து எழுதினால் போதும். முதல் யோசனை இது: 'காலையில் மலர்ந்த முகத்தோடு கடையைத் திறவுங்கள். உங்கள் முகமே உங்கள் கடையின் விளம்பரப் பலகை.'

படித்ததும் எனக்கு அம்புஜவல்லியின் ஞாபகம் வந்தது. வந்த கோபத்தில் அழுத்தி எழுதி நிப்பு வளைந்துவிட்டது. இது வேறு பேனா.

2

எங்கே தொடங்குவது?

'கும்மிடிப்பூண்டியின் கீழ்வானில் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி—'

வேண்டாம். அவள் அடுப்பு மூட்டுகிற நேரத்துக்குக் கதிரவன் ஒரு நாளும் வந்ததில்லை.

'அம்புஜவல்லி ஓர் அபலை. விதியின் கையில்—'

இதையும் அடித்துவிட்டேன். ஆட்டுக்கல்லை ஒற்றைக் கையால் சுற்றுகிறவளை அபலை என்று எழுதினால் அந்தக் கையே என்னை அறையும். விதியையும் இழுக்க வேண்டாம். விதி ஒன்றும் செய்யவில்லை, செய்தவர்களுக்கெல்லாம் வீட்டு விலாசம் இருக்கிறது.

'அம்புஜவல்லியின் கணவர் காய்ச்சலில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவளிடம் முதல் இட்லி வாங்க ஆள் இல்லை.'

இது நிற்கட்டும்.

3

கணவர் திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்தவர். அவர் போன பிறகு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வேங்கடேசனோடு அவள் மைத்துனர் யதிராஜன் வீட்டில் ஒரு மூலையில் இருந்தாள். மூலை என்பது அலங்காரத்துக்குச் சொன்னதில்லை, சமையலறையின் புகைக்கூண்டுக்குக் கீழே. ஒரு நாள் மணவாள நகர் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டாள். சோற்றை விலைக்கு விற்பது நம் குலத்துக்கு அடுக்குமா என்று யதிராஜன் குதித்தார். அவள் குண்டானைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கடை தோற்றது யதிராஜனால் இல்லை. அவள் கை ருசியை ஊரே ஒப்புக்கொண்டது. சங்கதி வேறு. வேலைக்குப் போகிற ஆண்கள் காலையில் கடையைச் சுற்றி வந்து நிற்பார்கள். பசியோடுதான் நிற்பார்கள். ஆனால் முதல் ஆளாக வாங்க மாட்டார்கள். பொட்டில்லாத நெற்றியில் முழித்து, அவள் கையால் போணி செய்தால் அந்த நாள் உருப்படுமா? யாராவது வாங்கட்டும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பஸ் வரும். ஏறிப் போய்விடுவார்கள். இட்லி ஆறிப்போகும்.

(ஆசிரியருக்கு: மலர்ந்த முகம் என்றீர்களே. அவள் சிரித்துத்தான் பார்த்தாள். தாலியறுத்தவளுக்குச் சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது என்றார்கள். உங்கள் யோசனையில் இதற்கு ஏதாவது வழி இருந்தால் தபால்தலை ஒட்டி அனுப்புங்கள்.)

4

இனி வருகிற யோசனை என்னுடையது. கடைக்கு இடம் தேடும் சகோதரிகளே, உங்களை ஒருவருக்கும் தெரியாத ஊராகப் பாருங்கள்.

கும்மிடிப்பூண்டியில் அப்போது வயலை மேடாக்கித் தொழிற்கூடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. லேத், பிரஸ், தகரம் வெட்டுகிற பட்டறை. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். யாரும் யாருக்கும் உறவில்லை. அம்புஜவல்லி பிள்ளையோடு பஸ் ஏறுவதற்கு முன்னால் சந்தையில் ஒரு மஞ்சள் கயிறும் ஒரு விரலி மஞ்சளும் வாங்கினாள். பொன்னேரி தாண்டியதும், பக்கத்து சீட்டுக்காரி தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு, முந்தானைக்குள் கையை விட்டுத் தன் கழுத்தில் தானே கட்டிக்கொண்டாள். மேளம் இல்லை, அட்சதை இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தாராம்.

இறங்கும்போது நெற்றியில் குங்குமம் இருந்தது. கணவர் பம்பாயில் மில் வேலையில் இருந்தார். ஆமாம், பஸ்ஸிலேயே அவருக்கு வேலை கிடைத்துவிட்டது.

கடை பிய்த்துக்கொண்டு ஓடியது. அதே அரிசி, அதே உளுந்து, அதே கை. இந்த இடத்தில் கதைக்கு ஒரு தத்துவம் எழுதத் தோன்றியது. எழுதினால் கெட்ட வார்த்தையாக வரும், விட்டுவிட்டேன்.

5

கூட வேலை செய்த ஆரோக்கியமேரிக்கு மட்டும் உண்மை தெரியும். மாவாட்டுவதும் தட்டு கழுவுவதும் அவள் பொறுப்பு. அவள் புருஷன் உயிரோடு இருந்தான், சாராயக்கடை வாசலில். தெரிந்துகொண்ட அன்றைக்கு அவள் அதிரவில்லை. ஆட்டுக்கல்லை நிறுத்தாமலே சொன்னாள்:

"எம்புருசன் உசுரோடதான் கீறான், இன்னா பிரயோசனம்? உன் ஊட்டுக்காரர் செத்தும் கடைக்கு ஒழைச்சிக்கினு கீறாரு. வுடுக்கா."

ஒரே ஒரு விஷயத்தில்தான் இருவருக்கும் ஒத்துவரவில்லை. கடையும் வீடும் ஒன்று, முன்பக்கம் கடை, வாசல் ஒன்றுதான். தினமும் அந்த வாசலில் பார்க்கிறவர் நின்று பார்க்கிற மாதிரி கோலம் இருக்கும். அமாவாசைக் காலையில் மட்டும் இருக்காது.*

* இந்தப் பழக்கம் இல்லாத வீட்டாருக்காக: அமாவாசையன்று இறந்த முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுத் தர்ப்பணம் செய்கிற வீட்டில், அது முடிகிற வரைக்கும் வாசலில் கோலம் போட மாட்டார்கள். தகப்பன் உயிரோடு இருக்கிற பிள்ளை தர்ப்பணம் செய்ய மாட்டான். இவ்வளவு தெரிந்தால் மீதிக் கதை புரிந்துவிடும்.

வேங்கடேசன் கொல்லையில் உட்கார்ந்து தர்ப்பணம் செய்து முடித்த பிறகுதான் அவள் கோலப்பொடியைத் தொடுவாள். நாலு புள்ளி நான் வெச்சிட்றேன், எவனாவது பாத்தா பேஜாராயிடும் என்று ஆரோக்கியமேரி கெஞ்சினாள். அம்புஜவல்லி கேட்கவில்லை.

"கழுத்துல கெடக்கறது ஊருக்காகக் கட்டிண்டது, மேரி. வாசல் அவருக்கு. அவருக்குன்னு நான் விட்டுவச்சிருக்கறது இந்த ஒரு காலைதான்."

6

தேசிகனை வில்லனாக எழுதத்தான் ஆசைப்பட்டேன். முறுக்கின மீசை, சிவந்த கண் எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். நெற்றியில் நாமம், பையில் குடை, யாரையும் அதிர்ந்து பேசாதவர். ஒன்பது மணிக்குக் கடைக்கு வருவார், அதற்குள் அமாவாசைக் கோலமும் போட்டு முடிந்திருக்கும். நம்மவாத்து மாமி இப்படிக் கஷ்டப்படறாளே என்று நிஜமாகவே உருகி, தன் கம்பெனி கேன்டீனை அவளுக்கே கொடுக்கச் சொல்லி மேலிடத்தில் பேசிவைத்தவரும் அவர்தான்.

கேன்டீன் கிடைத்தால் கூரைக் கொட்டகையை விட்டுச் சுவர் வைத்த சமையலறை. பையனுக்கு மேல்படிப்பு. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் திருவள்ளூர்க்காரனாக இருந்து அடையாளம் கண்டுவிடுவானோ என்று பயப்படாத ஒரு வாழ்க்கை. அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது, வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

கெட்டவன் கெடுத்தால் திட்டித் தீர்க்கலாம். நல்லவன் தன் நல்ல குணத்தோடு வந்து கெடுக்கிறானே, அவனை என்ன செய்வது?

7

அன்றைக்கு அமாவாசை என்பதைத் தேசிகன் மறக்கவில்லை. நல்ல நாள் என்றுதான் கேன்டீன் ஆபீசரை அழைத்துக்கொண்டு விடியற்காலையிலேயே வந்தார். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். முதல் ஈடு அப்போதுதான் இறங்கி ஆவி பறந்தது. இன்னும் போணி ஆகவில்லை.

வழக்கம்போல முதல் ஆளாகத் தட்டை நீட்டியவன் சடையப்பன். பிரஸ் மெஷினில் வேலை செய்கிறவன், அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன். அவன் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வாரம் மிளகு ரசமும் சாதமும் அவன் அறைக்குப் போனது இந்தக் கடையிலிருந்துதான்.

தேசிகன் வாசலைப் பார்த்தார். திகைத்துப்போனவராக மறுபடியும் பார்த்தார். கொல்லையிலிருந்து வேங்கடேசன் மந்திரம் சொல்கிற குரல் முன்பக்கம் வரை கேட்டது.

"என்ன மாமி, வாசல் வெறிச்சுனு இருக்கு?" என்றார். யோசித்தார். யோசித்ததை வாய்விட்டே சொன்னார். "தோப்பனார் பம்பாய்ல இருக்கச்சே, பிள்ளையாண்டான் யாருக்குத் தர்ப்பணம் பண்றான்?"

அவ்வளவுதான். கூச்சல் போடவில்லை. சந்தேகம் கேட்டார், பஞ்சாங்கத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி.

"தாத்தாவுக்குப் பண்றான் சார்" என்று ஆரோக்கியமேரி பாய்ந்து வந்து சொன்னாள். பாவம், அப்பா இருக்கும்போது பேரன் செய்ய மாட்டான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? தேசிகன் அப்படி இல்லை என்று மெதுவாகத் தலையை ஆட்டினார். வரிசை முழுவதற்கும் புரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்றைக்கு ஊர் வாயே திறக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

சடையப்பன் நீட்டிய தட்டு கொஞ்சம் பின்னால் போனது.

(இவனை மன்னிக்கலாம் என்று நினைக்கிறீர்களா? பிரஸ்ஸுக்குள் கையை விட்டு எடுக்கிறவன், விரல் பயம் அவனுக்கு இருக்கத்தான் செய்யும். எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கை ஒரு வாரம் யார் சோற்றைப் பிசைந்து தின்றது? தேசிகனை விட இவன்மேல்தான் எனக்கு வயிறு எரிகிறது.)

8

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

ஆசிரியருக்குப் பிடிக்கிற முடிவு: அவள் கண்ணீரோடு பேசுகிறாள், எல்லோரும் தலை குனிகிறார்கள், ஆபீசர் கேன்டீன் சாவியை அங்கேயே நீட்டுகி— தலை குனிகிறவர்களை நான் பார்த்ததில்லை. வாட்சைப் பார்க்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். ஆபீசரும் வாட்சைத்தான் பார்த்தார்.

விமரிசகர்களுக்குப் பிடிக்கிற முடிவு: கடை மூடப்படுகிறது, திருவள்ளூர் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், வானம் இருண்— மறுபடியும் அந்தப் புகைக்கூண்டுக்குக் கீழே அவளைக் கொண்டுபோய் உட்கார வைக்க நான் யதிராஜனுக்கு என்ன உறவா?

எனக்குப் பிடித்த முடிவு: கொதிக்கிற சாம்பார் வாளி, தேசிகனின் நாமம். எழுதும்போது ருசியாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

நடந்தது வரைக்கும் சொல்கிறேன். அம்புஜவல்லி கரண்டியை வைக்கவில்லை. தாலியைப் பிடித்துக்கொண்டு அழவில்லை, கழற்றி எறியவும் இல்லை. தேசிகனைக்கூடப் பார்க்கவில்லை, வரிசையைப் பார்த்தாள்.

"எங்காத்துக்காரருக்குத்தான் பண்றான். அவர் போய் ஆறு வருஷமாச்சு. நேத்தி வரைக்கும் நீங்க சாப்பிட்டதும் இந்தக் கையால போட்டதுதான். யார் முதல்ல வாங்கறேள்?"

9

அதற்கு மேல் நான் எழுத மாட்டேன். அவள் என்ன ஆனாள் என்று எனக்குக் கடிதம் போடாதீர்கள். அவள் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் செய்து, சொல்ல வேண்டியதையும் சொல்லியாகிவிட்டது. இனி அவள் கையில் ஒன்றும் இல்லை, என் கையிலும் இல்லை.

ஆபீசர் எதைப் பார்த்து முடிவு செய்யப்போகிறார் என்று உங்களுக்கே தெரியும். முதல் தட்டு நீளுகிறதா என்று பார்க்கப்போகிறார்.

சடையப்பன் ஓரமாக நகர்ந்துவிட்டான். அவனுக்கு அடுத்து நிற்பது நீங்கள். இல்லை, பின்னால் திரும்பிப் பார்க்காதீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன். அவள்மேல் இரக்கப்பட்டுக்கொண்டு இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். இரக்கத்தைக் கல்லாவில் போட முடியாது. உங்களுக்கும் இன்றைக்கு ஏதாவது முக்கியமான காரியம் இருக்கும். பெண்ணுக்கு வரன் பார்க்க வருவார்கள், கோர்ட்டில் தீர்ப்பு இருக்கும், பையனுக்குப் பரீட்சை இருக்கும். கையில் தட்டு இருக்கிறது. விடிந்ததிலிருந்து அவளிடம் யாரும் இன்னும் வாங்கவில்லை.

நீட்டுகிறீர்களா, யாராவது வாங்கட்டும் என்று நிற்கிறீர்களா?

சீக்கிரம் சொல்லுங்கள். இட்லி ஆறுகிறது.