பின்கட்டு மாஸ்டர்

கமாலுதீன் அந்தப் பொய்யைச் சொல்லி நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. அன்றும் விடிகாலைத் தொழுகை முடித்து வந்தவன், பெட்டியிலிருந்து தன் பழைய கைலி ஒன்றை எடுத்தான். தண்ணீரில் முக்கிப் பிழிந்து, பின்பக்கக் கொடியில் விரித்துப் போட்டான். பக்கத்தில் ஒரு பனியனையும் போட்டான். இரண்டையும் அவன் இப்போது உடுத்துவதில்லை. அந்த வீட்டில் யாருமே உடுத்துவதில்லை.

பின்கட்டில் அவன் மனைவி ரஹீமுன்னிசா தகரப் பெட்டியின் மூடியை இடுக்கியால் தூக்கினாள். பெட்டிக்கு அடியிலும் தணல், மூடியின் மேலும் தணல். உள்ளே தட்டில் நெய் பிஸ்கோத்துகள் லேசாக வெடித்திருந்தன. அவள் ஒன்றை எடுத்து அடிப்பாகம் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு கொடியைப் பார்த்தாள்.

“மாஸ்டர் குளிச்சிட்டாரா?” என்று கேட்டாள்.

கமாலுதீன் பிஸ்கோத்து டின்னைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் புறப்பட்டான். அங்கே ஒரு கிடங்கில் அவன் குமாஸ்தா.

பெருநாள் வந்தால் ராயபுரத்து வீடுகளில் பெண்கள் மாவு பிசைந்து, தட்டில் அடுக்கி, ரொட்டிக்கடை அடுப்புக்குக் கொடுத்தனுப்புவார்கள். யாருடைய தட்டு என்று தெரிய மாவில் ஆளுக்கோர் அடையாளம் கிள்ளி வைப்பார்கள். கடை அடுப்பில் தன் தட்டு கருகி வருவது ரஹீமுன்னிசாவுக்குப் பிடிக்கவில்லை. தகர வேலைக்காரரிடம் சொல்லி ஒரு பெட்டி செய்துகொண்டாள். எவ்வளவு தணல் மேலே, எவ்வளவு கீழே என்று பல தட்டுகளைக் கெடுத்துக் கற்றாள். முதலில் அது அவளுக்குப் பொழுதுபோக்கு. பிறகு ஒருநாள், “இத வித்தா இன்னாங்க? அஜீசா நிக்காவுக்கு ஆவுமே” என்றாள்.

அஜீசா கமாலுதீனின் தங்கை. தண்டையார்பேட்டை ரஷீதுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள்.

கமாலுதீன் ஒரு டின்னைக் கிடங்குக்குக் கொண்டுபோனான். உடன் வேலை செய்யும் துரை ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

“இன்னா பாய் இது, வெச்சவுடனே கரைஞ்சிபூடுது. யாரு சுட்டது?”

அதே இடத்தில்தான் முந்தைய மாதம் மூட்டை தூக்கும் சின்னப்பையன் என்பவனுக்கு ‘இட்லி புருசன்’ என்று பேர் வைத்தார்கள். அவன் மனைவி துறைமுக வாசலில் இட்லி விற்றாள். அன்று எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவன் கமாலுதீன்.

“ஒரு மாஸ்டர் கீறாரு. ரங்கூன் பேக்கரில இருந்தவரு. ஜப்பான் சண்டையப்ப நடந்தே வந்துட்டாரு” என்று துரையிடம் சொன்னான்.

“எங்க கீறாரு?”

வேறு இடத்தைச் சொன்னால் டீக்கடைக்காரர்கள் நேராக அங்கே போய்விடுவார்கள் என்று அவனுக்குத் தோன்றியது.

“நம்ம வூட்லதான். பின்கட்டுல.”

புத்திசாலித்தனமாகப் பேசிவிட்டதாக அன்று அவன் நினைத்தான். டீக்கடைகள் கேட்டன. கப்பல் சமையல்காரர்கள் கேட்டார்கள். எல்லாரும் மாஸ்டர் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார்கள். பொய்க்கு உடுப்பு வேண்டியிருந்ததால் கொடியில் கைலி காய்ந்தது. ரஹீமுன்னிசா பின்கதவைச் சாத்திக்கொண்டு புகையில் வேலை செய்தாள். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, ஒருத்தி பிஸ்கோத்தைக் கடித்துக்கொண்டே, “உங்க வூட்டு மாஸ்டர் கைக்குத் தங்கக் காப்பு பூட்டணும்டி” என்றாள். ரஹீமுன்னிசா தணல் சுட்ட மணிக்கட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

துறைமுகத்தில் சொன்ன சேதி மெல்ல நடந்து தெருவுக்கு வந்து சேர்ந்தது.

நாற்பத்தோராம் நாள் மாலை கமாலுதீன் வீடு திரும்பியபோது, காலிக் குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அஜீசா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

“கொழாயாண்ட ஒரு அம்மா கேட்டுச்சுண்ணே” என்றாள். “உங்க அண்ணன் ஆர்பருக்குப் போனப்பறம் வூட்ல ஒரு ஆம்பள கீறானாமே. அண்ணிக்காகவா, உனக்காகவான்னு கேட்டுச்சு.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்கு ஏதாவது சொல்லத் தோன்றியிருக்கும்.

பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குப் பிறகு மதார் சாகிப் வந்தார். ஜமாஅத்தில் மூத்தவர். அஜீசாவின் சம்பந்தத்தைப் பேசி முடித்தவரும் அவர்தான். பாயில் உட்கார்ந்தவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

“ரஷீது அம்மா பதுருன்னிசா நிக்காவ நிறுத்தச் சொல்லிட்டா தம்பி. வயசுப் பொண்ணு கீற வூட்ல அன்னிய ஆம்பளைய வெச்சிகினு கீறியாம். கொடில அவன் கைலி காயறத அவங்க ஆளுங்களே பாத்துட்டுப் போயிருக்காங்க. வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சி எல்லாரும் கேப்பாங்க. யாரு அவன்?”

கமாலுதீன் அவசரமாகச் சொன்னான். “அவரு நாளைக்கே பம்பாய் போறாரு மாமு.”

திரைக்குப் பின்னாலிருந்து ரஹீமுன்னிசாவின் குரல் வந்தது. பெரியவர் முன்னால் அவள் பேசியது அதுவே முதல் தடவை.

“போனா, மாட்டிக்கினதும் ஓடிட்டான்னு சொல்லுவாங்க. கீறான்னா, கூடக் கீறான்னு சொல்லுவாங்க. எப்டிப் பாத்தாலும் நாந்தான் கெட்டவ. அவன் பொறக்கவேயில்லன்னு நீங்கதான் சொல்லணும்.”

கமாலுதீன் தலையைத் தொங்கப்போட்டபடி தாழ்ந்த குரலில் உண்மையைச் சொன்னான். மதார் சாகிப் முதலில் சிரித்துவிட்டார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

“சரி, இத நானே முடிச்சி வெக்கிறேன். வந்து தங்கினவரு உங்க வயசான தாய்மாமன், ஊருக்குப் போயிட்டாருன்னு சொல்றேன். நீ தலைய மட்டும் ஆட்டு. பொஞ்சாதி சுட்டு, நீ வித்தேன்னு ஊருக்கு எதுக்குத் தெரியணும்?”

கமாலுதீனுக்கு மூச்சு வந்தது. வாசல்வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தான். ரஹீமுன்னிசா பின்கட்டில் மணிக்கட்டுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

“தாய்மாமனுக்குக் கைலி போதுமா? தொப்பியும் தோச்சிப் போடணுமா?”

அவன் அவள் கையைப் பார்த்தான். பழைய தழும்பின் மேல் புதிதாக ஒரு கொப்புளம். இத்தனை நாள் டின்னை மட்டும் வாங்கிக்கொண்டு போனவன், அதைக் கொடுத்த கையைக் கவனிக்கவில்லை. சின்னப்பையனின் மனைவி ஊர் பார்க்கத் துறைமுக வாசலில் உட்கார்ந்து இட்லி விற்றாள். அவள் நடத்தையைப் பற்றி யாரும் ஒரு சொல் தப்பாகப் பேசியதில்லை. கதவுக்குள் இருந்த தன் மனைவியைத்தான் ஊர் பேசியது. பேச வைத்தவன் அவன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் ஆட்கள் கூடினார்கள். ரஷீதும் தூணோரம் நின்றான். மதார் சாகிப் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கமாலு வூட்டு விசயம் ஒண்ணுமில்லப்பா. வந்து இருந்தது அவன் தாய்மாமன். வயசானவரு. ஊருக்குப் போயிட்டாரு. இல்லியா தம்பி?”

எல்லாரும் கமாலுதீனைப் பார்த்தார்கள். தலையை ஒரு முறை ஆட்டினால் போதும். அவன் ஆட்டவில்லை.

“தாய்மாமன் இல்ல மாமு. மாஸ்டரும் இல்ல. அப்டி ஒரு ஆள் எங்க வூட்ல எந்நாளும் இருந்ததில்ல. நானாக் கட்டிவுட்ட பொய்யி.”

பேசாதே என்பதுபோல் மதார் சாகிப் அவன் கையைப் பிடித்து அழுத்தினார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“ஆளே இல்லாம ஆர்பர் பூரா பிஸ்கோத்து எப்டிப்பா போவுது? ஜின்னு வந்து சுடுதா?”

 இட்லி புருசன் என்று தான் சிரித்த சிரிப்பு கமாலுதீனுக்கே கேட்டது. நாளை கிடங்கில் துரை என்ன பேர் வைப்பான் என்பதும் தெரிந்திருந்தது.

“பொம்பள ஒழைச்சிக் கொண்டாந்த காச வாங்கிக்க எனக்கு வெக்கமில்ல. அவ ஒழைக்கிறான்னு சொல்லத்தான் வெக்கப்பட்டேன். என் மானத்துக்குப் பயந்து அவ மானத்த, என் தங்கச்சி மானத்த, தெருவுல வுட்டுட்டேன். பொஞ்சாதி ஒழைக்கிறது கேவலம் இல்லீங்க. அத மூடி மறைக்கிறதுதான் கேவலம். இனிமே யாரும் என்னிய மாதிரி செய்யாதீங்க.”

 தூணோரம் நின்ற ரஷீது இரண்டடி முன்னால் வந்தான்.

“அப்ப யாரு சுடறாங்க மச்சான்?” என்று முறை மாறாமல் மரியாதையாகக் கேட்டான்.

கமாலுதீன் ஊர் முன்னால் தன் மனைவியின் பெயரை அதுவரை சொன்னதில்லை.

“ரஹீமுன்னிசா” என்றான். “என் பொஞ்சாதி ரஹீமுன்னிசா.”