எலாடியோவின் கால்சட்டையில் ஈயம்

1973ஆம் ஆண்டு ஜூலை பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பேஸ்பால் ஆட்டத்தின் மூன்றாவது இன்னிங்ஸில், கெல்சோ லேண்டிங் கெளுத்திகள் அணியின் பிட்சர் எலாடியோ புயெயோ பந்தை எறிந்துவிட்டுத் தரையிலிருந்து ஒரு முழம் மேலே போனான். பந்து கேட்சரின் கையுறையில் விழுந்த பிறகுதான் இறங்கினான். ஆற்றோர மைதானத்தில் அன்று நானூற்றுப் பதினோரு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்ததால் முதல் முறை கவனிக்கவில்லை. இரண்டாவது முறை எல்லோரும் பார்த்தார்கள். எதிரணி மேலாளர் ஓடிவந்து கத்தினார். நடுவர் பின்பாக்கெட்டிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து நின்றபடியே வாசித்தார். எறியத் தொடங்கும்போது ஒரு கால் எறிமேட்டின் பலகையைத் தொட்டிருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தக் கால் எப்போது திரும்பி வர வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆட்டம் தொடர்ந்தது. ஆகஸ்ட் நடுவில் அவன் ஓர் ஆள் உயரம் போய்க்கொண்டிருந்தான். அங்கிருந்து வரும் பந்து கூரையிலிருந்து உருண்டு விழுவதுபோல வரும். மட்டைக்காரர்கள் அது ஏற்கெனவே கடந்துவிட்ட இடத்தில் வீசுவார்கள். அயோவாவில் அந்த வருடம் சோளமும் நன்றாக வளர்ந்திருந்தது. ஊரில் இரண்டையும் ஒரே மூச்சில் விசாரித்துக்கொண்டார்கள்.

டெல்மர் விட்லாக் அதே அணியின் இன்னொரு பிட்சர். வயது முப்பத்தொன்று. பதினோரு வருடமாகச் சின்ன லீக்கில் எறிகிறார்; பெரிய லீக்கிலிருந்து ஒருமுறைகூட அழைப்பு வந்ததில்லை. ஆனாலும் கெல்சோ லேண்டிங்கில் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. வெர்னா ஸ்டிக்னி அம்மையாரின் வீட்டில் ஆற்றைப் பார்த்த முன்னறை அவருடையது. சாப்பாட்டு மேசையில் பெரிய பன்றிக்கறித் துண்டும் அவருடையது. ஜூன் மாதம் டொமினிகன் குடியரசிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்த எலாடியோவுக்குப் பின்னறை கிடைத்தது. ஜூலை முடிவதற்குள் பெரிய துண்டு அவன் தட்டுக்குப் போயிருந்தது. வெர்னா அதை வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போனது. அதுதான் டெல்மருக்குப் பொறுக்கவில்லை. முடிவெட்டும் கடைக்குப் போனால், கத்தரி காதருகில் இருக்கும்போதே, "ஏம்ப்பா டெல்மர், நீ பறக்கக்கூட வேணாம். ஒரு இஞ்ச் எழும்பிக் காட்டேன், முடிய சும்மாவே வெட்டி விடறேன்" என்றார் கடைக்காரர். டெல்மரும் சேர்ந்து சிரித்தார். மறுநாள் காலை, யாரும் இல்லை என்று நினைத்து, வீட்டின் பின்னால் கொட்டகைக் கதவைப் பார்த்து நாற்பது முறை பந்தெறிந்தார். நாற்பது முறையும் இரண்டு காலும் புல்லிலேயே இருந்தன. சமையலறையிலிருந்து பார்த்த வெர்னா மெதுவாகத் திரையை இழுத்துவிட்டாள். அந்தச் சத்தம் டெல்மருக்குக் கேட்டது.

ஆகஸ்ட் கடைசியில், பத்து ஆட்டங்கள் மீதமிருக்கையில், கெளுத்திகள் அணி பிரிவுப் பட்டியலில் ஹார்லன் ஃபெர்ரி மரங்கொத்திகளுக்கு ஒரே ஓர் ஆட்டம் பின்னால் நின்றது. பருவம் முடிந்ததும் பெரிய லீக்குக்கு ஒரு பிட்சரை எடுப்பார்கள் என்று செய்தி வந்தது. மேலாளர் ஹோபர்ட் டன் டெல்மரைத் தனியே கூப்பிட்டு, "அடுத்த வருஷம் உனக்கு உடுப்பு இல்லடா. மனசுல வெச்சுக்கோ" என்றார். டெல்மர் தூண்டில் கடைக்குப் போய்க் கெளுத்தி மீனுக்குப் போடும் ஈயக் குண்டுகளில் ஒரு பொட்டலம் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை எலாடியோ தேவாலயம் போயிருந்த நேரம், துவைக்கும் அறையில் உட்கார்ந்து, அவனுடைய ஆட்டக் கால்சட்டையின் இரண்டு விளிம்புகளிலும் குண்டுகளை வரிசையாக வைத்துத் தைத்தார். தையல் அழகாக வந்தது.

மறுநாள் ஆட்டத்தில் எலாடியோ எழும்பவில்லை. கூட்டம் ஊளையிட்டது. முதல் இன்னிங்ஸில் மூன்று ரன் போயிற்று. டெல்மர் சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பியபடி பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு பையன் ஒருமுறை தன் கால்களைக் குனிந்து பார்த்தான், கேட்சரை நேருக்கு நேர் பார்த்தான், மீதி எட்டு இன்னிங்ஸில் ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. டெல்மரின் வாயில் விதை கசந்தது.

புதன்கிழமை அவன் கால்சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தான்.

"பெருசு, துவைச்சதுல நூல் விட்டுப்போச்சு. திரும்பத் தைச்சுக் குடு."

"எந்த நூலு? எனக்கென்னடா தெரியும்?"

"உன் சட்டைப் பொத்தான்ல இருக்கற அதே நீல நூலுதான்." எலாடியோ கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். "எல்லாரும் மேல போ, மேல போங்கறாங்க. ஒவ்வொரு தடவையும் இறங்க நேரம் கூடிட்டே போகுது பெருசு. எங்க சித்தப்பா ஒருத்தர் கரும்புக் காட்டுல இப்படித்தான் போனாரு. வரவே இல்ல. ஈயம் வெச்சப்புறம்தான் எனக்குத் தூக்கமே வருது."

"உனக்கு நல்லது பண்ணணும்னு நான் வெக்கல."

"தெரியுமே. ஆனா நல்லாத் தைச்சிருக்க."

டெல்மர் ஊசியில் நூல் கோத்தார். தான் செய்த கெடுதல்கூட அவனுக்குச் சாதகமாகப் போய்விட்டதே என்று அவருக்கு வயிறு எரிந்தது.

செப்டம்பர் இரண்டு, ஞாயிறு, கடைசி ஆட்டம். இரண்டு அணிகளும் சமமாக நின்றன. எதிரில் ஆடியதும் மரங்கொத்திகளே. பெரிய லீக்குக்கு ஆள் எடுக்க வந்த தொப்பிக்காரர் ஒருவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்று காலை எலாடியோ, "கொஞ்சம் சரிபார்த்து வை பெருசு" என்று கால்சட்டையைக் கொடுத்துவிட்டுத் தேவாலயம் போயிருந்தான். டெல்மரின் கையில் கத்தரி இருந்தது. ஈயம் இல்லாவிட்டால் அவன் மேலேயே போய்விடுவான். போய்விட்டால் எடுப்பதற்குத் தன்னைத் தவிர வேறு பிட்சர் இல்லை. வலது காலின் தையலை முழுக்கப் பிரித்துக் குண்டுகளைத் தகர டப்பாவில் கொட்டினார். இடது காலின் முதல் முடிச்சில் கத்தரியை வைத்தபோது, காப்பி ஆறுகிறது என்று வெர்னா கூப்பிட்டாள். கால்சட்டையைக் கொடியில் மாட்டிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை.

எட்டு இன்னிங்ஸ் எலாடியோ ஒருக்களித்தபடி எறிந்தான். வலது கால் மட்டும் எழும்பி எழும்பித் தணிந்தது. ஒன்பதாவதில், ஒரு ரன் முன்னிலை, இரண்டு பேர் அவுட். கடைசிப் பந்தை முழு பலத்தோடு எறிந்தான். மட்டைக்காரர் காற்றில் வீசினார். பிரிவுப் பட்டம் கெளுத்திகளுக்கு வந்தது. கட்டிப்பிடிக்க ஓடிய ஆட்டக்காரர்கள் எறிமேட்டில் யாரும் இல்லாததைக் கண்டு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். எலாடியோ சாய்ந்த நிலையில், ஒரு கால் தொங்க, மதிப்பெண் பலகையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். மேற்குக் காற்று அவனை ஆற்றின் பக்கம் தள்ளியது.

"பெருசு! ஒரு பக்கம்தான் இருக்கு!" என்று மேலிருந்து கத்தினான். டெல்மர் ஒருவருக்குத்தான் அது புரிந்தது.

அவர் வேலியைத் தாண்டிக் குதித்து, கரையில் யாரோ கட்டியிருந்த படகை அவிழ்த்து, மூன்று மணி நேரம் துடுப்புப் போட்டார். அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனார். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் மிசிசிப்பி ஆறு எப்படித் தெரியும் என்று நினைத்தபோது, அந்த நிலையிலும் அவருக்குப் பொறாமையாக இருந்தது. வெயில் தணிந்ததும் பையன் மெல்ல இறங்கினான். இல்லினாய்ஸ் பக்கத்து மணல் திட்டருகே டெல்மர் எம்பி அவன் கணுக்காலைப் பிடித்துப் படகுக்குள் இழுத்தார்.

"வேணும்னுதான் பிரிச்சியா?"

"ஆமா."

"அப்ப இன்னொரு கால ஏன் விட்ட?"

"காப்பிக்குக் கூப்பிட்டா."

எலாடியோ சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. டெல்மர் சிரிக்கவில்லை, துடுப்பைக் கீழே போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். காப்பி இல்லாவிட்டால் மறுகாலையும் பிரித்திருப்பேன் என்று பிற்காலத்தில் சிலரிடம் சொன்னார். பிரித்திருக்க மாட்டேன் என்று வேறு சிலரிடம் சொன்னார்.

தொப்பிக்காரர் எலாடியோவை எடுத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து வெர்னா வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. "இங்க தைக்கறவங்களுக்குக் கை சரியில்ல. நீ வா பெருசு" என்றான் எலாடியோ. மூன்றாம் நாள் டெல்மர் பஸ் ஏறினார். பதினோரு வருடம் காத்திருந்த பெரிய லீக் மைதானத்துக்குள் ஊசி நூலோடு நுழைந்தார். அடுத்த பதினான்கு பருவமும் ஆட்டக்காரர்கள் உட்காரும் பலகையின் ஓரத்தில் இருந்தார். எலாடியோ நூற்று எண்பது ஆட்டங்கள் வென்றான். ஒவ்வொரு வெற்றியின்போதும் டெல்மருக்கு வயிறு எரிந்தது. அதை அவர் மறைக்கவுமில்லை. ஒரு தையல்கூட விட்டுப்போனதில்லை. ஒரு ஏப்ரல் மாதம் புதிதாக வந்த நிருபர் அவரிடம், "இங்க உங்களுக்கு என்னங்க வேலை?" என்று கேட்டார்.

"அவனக் கீழ வெச்சிருக்கறது" என்றார் டெல்மர். நிருபர் அப்படியே எழுதிக்கொண்டார். மறுநாள் அது நான்காம் பக்கத்தில், வானிலை அறிக்கைக்குப் பக்கத்தில் வந்தது.