தெரிந்தவர் வீட்டுப் பெண்

எங்கள் கடைத்தெருவில் யாரும் தனக்கென்று விலை கேட்பதில்லை. மெத்தையைத் தடவித் தடவிப் பார்த்து, வீட்டுக்குத் தூக்கிப் போகவே வந்தவர்கூட, "தெரிஞ்சவங்க ஒருத்தங்க விசாரிக்கச் சொன்னாங்க" என்றுதான் ஆரம்பிப்பார். ஆசை வெளியே தெரிந்தால் விலை ஏறிவிடுமே! மெத்தைக்கு அது சரி. வியாபாரிகள் சங்கத் தலைவரும் மெத்தைக் கடைக்காரருமான என் அண்ணன், பெற்ற மகளுக்கும் அதையே செய்தார்.

பத்தொன்பது வயதுப் பெண். மாதக்கணக்காகக் கல்லூரிக்குப் போகவில்லை. குளிக்கச் சொன்னால் அழுகை. சாப்பிடச் சொன்னால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். "அத்தை, எனக்கு வாழவே பிடிக்கலை. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்று அவளே வாய்விட்டுக் கேட்டாள். அண்ணனும் மனநல மருத்துவரிடம் போனார், தனியாக. திரும்பி வந்து கடையில் என்னிடம் ஒப்பித்தார்.

"தெரிஞ்சவர் வீட்டுப் பொண்ணு, மாத்திரை எழுதிக் குடுங்கம்மான்னேன். பொண்ணைக் கூட்டிட்டு வாங்கங்குது. போட்டோ காட்டினா ஆகாதான்னு கேட்டேன். அந்தம்மா பிடியே குடுக்கலை. இன்னொரு தடவை போய் மசிய வைக்கிறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மசிய வைக்கிறதுக்கு அதென்ன பஞ்சு லோடா? நான் கூட்டிட்டுப் போறேன்."

"வாசல்ல யாராவது பாத்துட்டா? பைத்தியம்னு பேர் வெச்சுடுவாங்க. மஞ்சள் காமாலைன்னு சொல்லி வெச்சிருக்கேன், கெடுத்துடாத."

நானே போய் அவளைக் கூப்பிட்டுப் பார்த்தேன். "வேண்டாம் அத்தை. அப்பாவுக்கு அசிங்கமாயிடும்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். நோயோடு சேர்த்து அப்பாவின் கௌரவத்தையும் அவள்தான் சுமக்க வேண்டுமாம்!

அந்த வாரமே சங்கக் கட்டடத்தில் இளைஞர் மனநலம் பற்றி விழிப்புணர்வுக் கூட்டம். பேச வந்தவர் அதே மருத்துவர். தலைமை, என் அண்ணன்.

"வெட்கப்படாம பேசணும்! மறைக்கவே கூடாது!" என்று மைக்கில் முழங்கினார். கைதட்டல் வேறு. மருத்துவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார்.

கேள்வி நேரம் வந்தது. பூட்டுக்கடைக்காரர் எழுந்தார். "எங்க தூரத்துச் சொந்தத்துல ஒரு பையன், தூங்கவே மாட்டேங்கிறான்." அவர் மகன் மொட்டை மாடியில் விடிய விடிய நடப்பது தெருவுக்கே தெரியும். கண்ணாடிக்கடை அம்மாள், "எங்க கஸ்டமர் பொண்ணு ஒண்ணு ரூமை விட்டே வர மாட்டேங்குது" என்றாள். பிள்ளைகள் எல்லாம் யாரோ பெற்றவை. இவர்கள் வெறும் தரகர்கள்.

கடைசியில் அண்ணனே தொண்டையைக் கனைத்தார். "தெரிஞ்சவர் வீட்டுப் பொண்ணு ஒண்ணு…"

நான் எழுந்துவிட்டேன். "தெரிஞ்சவர் இல்லீங்க டாக்டர், இவர் பெத்த பொண்ணு. காமாலையும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. வாழப் பிடிக்கலைன்னு அவளே சொல்றா."

"ஏய், உக்காரு! மானத்தை வாங்காத!" என்றார் அண்ணன். மைக் கையிலேயே இருந்ததால் வாசலில் நின்றவருக்கும் கேட்டது.

"மானம் கிழிஞ்சா மெத்தை உறை மாதிரி தைச்சுக்கலாம். பிள்ளை போனா எந்தக் கடையில வாங்குவீங்க?"

பூட்டுக்கடைக்காரரின் வாயில் அவர் கடைப் பூட்டே தொங்கியது. மருத்துவர் மட்டும், "இப்பவே கூட்டிட்டு வாங்கம்மா. கிளினிக்ல காத்திருக்கேன்" என்று பையை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு ஓடினேன். போர்வையை விலக்கி, "எழுந்திரு, டாக்டர் வரச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"கடைத்தெருவுக்கே தெரியும். சங்கத்துல எழுந்து நின்னு சொல்லிட்டேன்."

அழப்போகிறாள் என்று நினைத்தேன். போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, "அப்பாடா" என்றாள்.

இந்த ஒரு பெருமூச்சை வெளியே விட முடியாமலா குழந்தை இத்தனை நாள் முடங்கிக் கிடந்தது! அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.