மூணு ட்ரை

சுந்தரவல்லி ஒரே வார்த்தையில், இரண்டு பாஷைகளில், இரண்டு முறை வழுக்கி விழுந்தவள். கும்பகோணத்திலிருந்து கல்கத்தா காளிகாட்டுக்கு வாழ வந்து எட்டு வருஷமாகியும் பெங்காலி பிடிபடாத காலத்தில் முதல் முறை விழுந்தாள். மகன் ஜெய்ராமின் டீச்சர், "ஆப்னார் சேலே கூப் சேஷ்டா கொரே" என்று சிரித்த முகமாகச் சொன்னாள். உங்கள் பிள்ளை ரொம்ப முயற்சி பண்ணுகிறான் என்று அர்த்தம். சுந்தரவல்லி காதில் விழுந்ததோ சேஷ்டை. வீடு வரும் வரைக்கும் பிள்ளையின் காதைத் திருகிக்கொண்டே வந்தாள்.

இரண்டாவது முறை விழுந்தது போன வருஷம், துர்கா பூஜைக்கு முந்தின மாதம்.

அதற்குள் ஜெய்ராம் ஆறடி வளர்ந்து, மைதான் திடலில் ரக்பி பழகி, மேல்படிப்புக்கு இங்கிலாந்து போயிருந்தான். படிக்கப் போனவனை அங்கே ஒரு ரக்பி லீக் கிளப் பிடித்துக்கொண்டது. சம்பளம் கொடுத்து முட்டிக்கொள்ளச் சொல்கிற வேலை. பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு எதிராளிகள் மேல் போய் மோத வேண்டும். ஆறு தடவை மடக்கிப் போட்டுவிட்டால் பந்து அவர்களுக்கு. ஜெய்ராம் முன்வரிசைக்காரன், மோதுவதோடு சரி. கோட்டைத் தாண்டிப் போய் பாயிண்ட் எடுப்பதெல்லாம் ஓரத்தில் ஓடும் ஒல்லிப்பிச்சான்களின் வேலை. இரண்டு வருஷத்தில் அவன் பேரில் ஒரு பாயிண்ட் கிடையாது. ஆகவே, பாயிண்ட் எடுப்பதற்கு அந்த ஆட்டத்தில் என்ன பெயர் என்ற பேச்சே வீட்டில் எழுந்ததில்லை. சுந்தரவல்லி ஒரே ஒரு தடவை போனில் ஆட்டம் பார்த்தாள். மூன்று தடியர்கள் மகன் மேல் விழுந்ததும் அணைத்துவிட்டாள்.

"ரெண்டு வருஷம்தான். அதுக்குள்ள ஒண்ணும் தேறலேன்னா மூட்டை கட்டிண்டு வந்துடணும்" என்பது அவள் போட்ட கெடு. அந்த மாதத்தோடு கெடு முடிகிறது. பக்கத்து அலிப்பூரில் அவள் அண்ணா மஹாதேவன் ஒரு ஆபீஸில் வேலைகூடப் பேசி வைத்திருந்தார். கணவர் போன பிறகு முறுக்கும் தட்டையும் விற்றுத் தனியாகக் காலம் தள்ளுகிறவளுக்குப் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருக்காதா?

அன்று காலை கடையைத் திறந்தபோது போனில் அவன் குரல் வந்து காத்திருந்தது. பின்னால் ஒரே இரைச்சல், குரல் தழுதழுத்தது.

"அம்மா, மூணு ட்ரை மா! மூணு! எனக்கே நம்ப முடியல. நாளைக்குப் பேசறேன். ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

ட்ரை பண்ணினான், மூன்று தடவை, நடக்கவில்லை, அழுகிறான். சுந்தரவல்லிக்குச் சந்தேகமே வரவில்லை. உள்ளதைச் சொன்னால், முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான். பூஜைக்கு வந்துவிடுவான்! குரலை மறுபடி போட்டுக் கேட்டாள். தழுதழுத்த இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை கேட்டாள். தன் சந்தோஷத்தை நினைத்துத் தனக்கே வெட்கமாகப் போயிற்று.

பக்கத்து மிட்டாய்க்கடை பிஸ்வாஸ் பாபு, "என்ன ஆச்சு, தீதி?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டார். "மூணு தடவை சேஷ்டா பண்ணியிருக்கான், பாவம்" என்றாள் பெங்காலியில், இந்தத் தடவை வார்த்தையைச் சரியாகப் போட்டுவிட்ட பெருமையோடு. அவர் உச்சுக்கொட்டி, ஆறுதலுக்கு ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு கொடுத்தனுப்பினார்.

மத்தியானம் ஜெய்ராம் கூப்பிட்டான்.

"அம்மா, நான் கேக்கணும்னு சொன்னேனே..."

"நீ ஒண்ணும் கேக்க வேண்டாம். மொதல்ல நான் பேசறேன். மூணு தடவை ட்ரை பண்ணி வரலேன்னா என்னடா? குடியா முழுகிப்போச்சு? கெடுவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இன்னும் ரெண்டு வருஷம் இருந்து ஆடிட்டு வா."

மறுமுனையிலிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"அம்மா... ட்ரைன்னா இந்த ஆட்டத்துல கோல் மாதிரிம்மா. கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தைத் தரையில வச்சா அதுக்குப் பேர்தான் ட்ரை. நாங்க ஜெயிச்சுட்டோம். கிளப்புல இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றா. ஒன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு ராத்திரி பூரா தூங்கல."

சுந்தரவல்லி போனைக் காதில் வைத்தபடியே தெருவில் இறங்கிவிட்டாள். "பிஸ்வாஸ் பாபு! சேஷ்டா இல்லை, கோல்! தின்டே கோல்!"

"ஹாட்ரிக்!" என்று கத்திக்கொண்டு அவர் கல்லாவை விட்டு ஓடி வந்தார். ரக்பி தெரியாதே தவிர, மூன்று கோல் என்றால் என்னவென்று கல்கத்தாவில் யாருக்குத் தெரியாது? ஆறுதலுக்கு வந்த சந்தேஷைச் சந்தில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அவரே எடுத்து நீட்டினார்.

"அம்மா, இருக்கியா?" என்றான் ஜெய்ராம். "நான் ஜெயிச்சது மொதல்லயே தெரிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

சுந்தரவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஜெயிச்சவன, போறும்டா ஆத்துக்கு வான்னு கூப்பிட்டிருப்பேன். தோத்துட்டு நிக்கறவன எப்படிடா கூப்பிடறது?"