மனைவிக்கு வருமானம் இல்லை

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் மலேசியாவில் எங்கள் கிள்ளான் ஊரில் என்னைத் தேடி வராத ஆம்பிளை கிடையாது. தப்பாக நினைக்க வேண்டாம், எல்லாம் வருமான வரிப் பாரத்துக்காகத்தான். கல்யாணத்துக்கு முன் நான் கணக்கு ஆபீசில் வேலை பார்த்தவள். இப்போது என் வீட்டுக்காரர் ரபீக்கின் போட்டோஸ்டாட் கடை மூலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, பாரத்துக்கு இருபது வெள்ளி கூலி வாங்கிக்கொண்டு நிரப்பிக் கொடுக்கிறேன்.

வருகிறவர்களில் கமலநாதன் தனி ரகம். போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். சம்பளத் தாளை நீட்டிவிட்டுக் கடையில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்: "மஹ்ஜபீன் அக்கா, வைஃப் வீட்ல சும்மாதான் இருக்காங்க. அந்தக் கழிவ மறந்துராதீங்க லா."

மனைவிக்கு வருமானம் இல்லையென்றால் கணவனுக்கு ஒரு வரிக்கழிவு உண்டு. ஏழு வருடமாக நானும் அந்தப் பெட்டியில் டிக் போட்டுக் கொடுத்தேன். அதுவும் எப்படி? அவர் மனைவி உஷாராணி தைத்த பாஜு குரோங் உடையைப் போட்டுக்கொண்டு, அவளுக்குத் தையல் கூலி எண்ணிக் கொடுத்த அதே கையால். எங்கள் தாமான் குடியிருப்பில் பொம்பளை வீட்டிலிருந்து சம்பாதித்தால் அதற்குக் கைச்செலவுக் காசு என்று பெயர். வருமானம் என்று ஒருவரும் சொல்வதில்லை. கணக்குப் படித்த எனக்கும் அது உறைக்கவில்லை, வெட்கக்கேடு.

இந்த ஏப்ரலில் உஷாராணி தனியாக வந்தாள்.

"அக்கா, தெங்கு கிலானா ரோட்டுல ஒரு கடை காலியாகுது. ஜூன் வரைக்கும்தான் வெச்சிருப்பேன்னு ஓனர் சொல்றாரு. பேங்க்ல லோன் கேட்டேன். தொழில் பதிவெல்லாம் சரி, ரெண்டு வருஷ வரிப் பாரம் எங்கன்னு கேக்கறாங்க. என் பேர்ல ஒண்ணுமே இல்லியேக்கா."

நான் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"தீபாவளி வந்தா சோறு திங்க நேரமில்லாம தைக்கிறேன். நானா சும்மா இருந்தேன்?" அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. நூலும் ஜிப்பும் லைனிங் துணியும் வாங்கும்போது விலைக்குள் இருக்கிற வரியை அவளிடம் எல்லாரும் ஒழுங்காக வாங்கிக்கொண்டார்கள். சம்பாதிக்கிற ஆள் என்று எழுதத்தான் யாருக்கும் கை வரவில்லை.

அளவோடு கூலியையும் எழுதி வைத்திருந்த அவளுடைய நோட்டுகளை வாங்கி இரண்டு நாள் உட்கார்ந்து கூட்டினேன். சனிக்கிழமை புருஷன் பொண்டாட்டி இருவரையும் வரச் சொன்னேன்.

"தம்பி, போன ரெண்டு வருஷத்துக்கும் உஷா பேர்ல பாரம் போடலாம். லேட்டுக்கு அபராதம் வரும். நீங்க வாங்கின கழிவையும் திருப்பிக் கட்டணும். இவ சம்பாதிக்கிறான்னு இவ பாரமும், இல்லன்னு உங்க பாரமும் சொன்னா நிக்காது."

கமலநாதன் சிரித்தார். "அது கைச்செலவுக் காசுக்கா. அதப் போய் வருமானம்னு சொன்னா போர்ட்ல கூட இருக்கவனுங்க சிரிப்பானுங்க லா."

நான் ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பினேன். தையலில் செலவு போக உஷாவுக்கு நின்ற மிச்சம் அதில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"இது எத்தன வருஷத்துது?"

"போன ஒரு வருஷத்துது."

"என் சம்பளத்தவிட கூட இருக்கே."

"நம்ம பையன் பிரவினோட காலேஜ் பீஸ் எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க?" என்றாள் உஷாராணி. "என் தலைய வெச்சு நீங்க வாங்கின கழிவுலருந்தா?"

ரபீக் போட்டோஸ்டாட் மெஷின் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். கமலநாதன் மட்டும் சிரிக்கவில்லை. "அபராதத்த நான் கட்டறேன்க்கா. சும்மா இருக்கான்னு சொன்னவன் நான்தானே," என்றார். தன் பாரத்தில் அந்த டிக்கை எடுக்க மவுசையும் அவரே வாங்கிக்கொண்டார். லோரியை வளைக்கிற கைக்கு அந்தச் சின்னப் பெட்டி அகப்படாமல் மூன்று தடவை தப்பியது. நாலாவது தடவை டிக் போனது.

"புருஷனுக்கு வருமானம் இல்லன்னு போட பெட்டி இருக்காக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு."

"கடைக்கு வாங்க," என்றாள் உஷாராணி. "ஹூக்கு தைக்க ஆள் வேணும். சம்பளத் தாளெல்லாம் ஒழுங்கா தருவேன்."

ஜூன் இரண்டாவது வாரம் லோன் கிடைத்தது. கடை திறப்பு விழாவுக்கு நானும் ரபீக்கும் போனோம். வாசலில் கமலநாதன் லட்டுத் தட்டோடு நின்று, வருகிறவர்களிடமெல்லாம் "வைஃப் கடை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். அவருக்கு அப்படியும் பேச வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அக்கா, ஒரு சந்தேகம். நீங்க ஆளுக்கு இருபது வெள்ளி வாங்கறீங்களே, அது யார் பேர்ல போகுது?"

நான் ரபீக்கைப் பார்த்தேன். அவர் பாரத்தையும் பன்னிரண்டு வருடமாக நான்தான் நிரப்புகிறேன், அந்தப் பெட்டியில் டிக்கோடு. அவர் இன்னொரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.