கத்தியின் முதுகு

என் மாமனார் சின்னசாமியை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. பதினோரு வருஷமாக இதை ஒளித்துவைக்க நாங்கள் இருவரும் மெனக்கெட்டதில்லை. போன வருஷம் பக்கவாதத்தில் அவருடைய வலது கை விழுந்துபோனதும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குச் சவரம் செய்யும் பாக்கியத்தை என் தலையில் கட்டினார்கள். பிளேடு ரேசர் கூடாதாம், தோல் தடித்துவிடுமாம். அவருடைய மடக்குக் கத்திதான் வேண்டும்.

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் கருவிகளுக்குச் சாணை பிடித்த மனுஷர். கத்தியைத் தீட்டவும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

"முதுகு கல்லைத் தொடக் கூடாது. காய்கறிக் கத்தி மாதிரி தூக்கிப் பிடிச்சு, நல்லா அழுத்தித் தேய்."

தேய்த்தேன். ஒவ்வொரு ஞாயிறும் கத்தி முடியைப் பிடுங்கியது, கன்னத்தில் ரத்தம் வந்தது. அவர் முனகாமல் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் மகனிடம் கன்னத்தைக் காட்டி, என்னைக் கைகாட்டுவார்.

என் கணவர் சங்கர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பதை விட்டார். ஒரு ஞாயிறு சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னொரு தடவை ரத்தம் வந்துச்சுன்னா நான் ஆள் வெச்சுக்கறேன். நீ கொஞ்ச நாள் போவன்பள்ளியில உங்க அம்மாகூட இரு."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் கத்தியையும் கல்லையும் பையில் போட்டுக்கொண்டு தெருமுனை சலூனுக்குப் போனேன். கடைக்காரர் முகமது யூசுப், வாணியம்பாடிக்காரர். நான் தேய்த்துக் காட்டியதும் பதறிப்போய் நிறுத்தினார்.

"இது என்ன மா, அருவாளா? முதுகும் கூரும் ரெண்டுமே கல்லுல படுத்திருக்கணும். அழுத்தமே நக்கோ, வேணாம். யாரு இப்பிடிச் சொல்லிக் கொடுத்தது?"

"விஷயம் தெரிஞ்சவர்தான்" என்றேன். முப்பது வருஷம் சாணை பிடித்தவருக்கு இது தெரியாதா? வெட்டும் என்று தெரிந்தேதான் வாராவாரம் கன்னத்தை நீட்டியிருக்கிறார்.

ஐந்து நாள் தீட்டினேன். கல்லை நனைத்து, கத்தியைப் படுக்கவைத்து, கூர்ப்பக்கம் முன்னே போகும்படி தள்ளினேன். முதுகின் மேலாகப் புரட்டி மறுபக்கம். கடைசியில் தோல்வாரில் தேய்த்து மெருகேற்றும்போது மட்டும் முதுகு முன்னே போக வேண்டும். சனிக்கிழமை கத்தி தொட்டதும் முன்கை முடி உதிர்ந்தது.

ஞாயிறு காலை சங்கரைப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னேன். மாமனார் கண்ணெதிரே கத்தியைக் கல்லில் படுக்கவைத்து இரண்டு இழுப்பு இழுத்தேன். அவர் முகம் சுருங்கியது.

"யார் சொன்னா?"

"வெளியில கேட்டேன், மாமா."

இடது கன்னத்தில் கத்தி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு முடி இழுபடவில்லை. தாடைக்குக் கீழே வந்தபோது அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பார்த்துவிட்டு, முகத்தைச் சட்டென்று கத்திப் பக்கம் திருப்பினார். நான் கையை எடுப்பதற்குள் நுரை சிவந்துவிட்டது.

சங்கர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அப்பா திரும்பியதையும் பார்த்தார், நான் கையை எடுத்ததையும் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "பாத்துப் பண்ணக் கூடாதா, லலிதா?"

அந்த நிமிஷம் வரை அந்த வீட்டில் நான் வெறுத்தது ஒருவரை மட்டும்தான்.

கத்தியைத் துண்டில் துடைத்து சங்கர் கையில் வைத்தேன். "வலது பக்கம் பாக்கி இருக்கு. நீங்க பண்ணுங்க. நான் அம்மா வீட்டுக்குக் கிளம்பறேன்."

அவருக்குக் கத்தியை எப்படிப் பிடிப்பதென்றே தெரியவில்லை. பாதி நுரையோடு மாமனார் நாற்காலியில் பின்னால் ஒடுங்கினார்.

"அவன் வேண்டாம்மா" என்றார். என்னை அவர் அம்மா போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நீயே முடிச்சிடு."

"அசையாம உட்காருங்க, மாமா" என்று சொல்லிவிட்டுப் பெட்டி எடுக்கப் போனேன்.